ஓடை ட்ரவுட் மீனும் தூண்டில்காரர் ஒழுக்கமும்

ஓடை ட்ரவுட் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு உரிய நன்னீர் மீன். நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் மிட்சில் 1814இல் இதற்கு அறிவியல் பெயரிட்டார். பெயரில் ட்ரவுட் இருந்தாலும் இது 'சார்' என்னும் மீன் வகையைச் சேர்ந்தது. முதுகில் புழு நெளிந்தது போன்ற வரிகளும், விலாவில் நீல வளையமிட்ட செம்புள்ளிகளும் இதன் அடையாளங்கள். (நம் நீலகிரியில் அவலாஞ்சிப் பண்ணையில் வளர்வது வானவில் ட்ரவுட், அது வேறு.) குளிர்ந்த, தெளிந்த நீரில்தான் இது வாழும். இலையுதிர் காலத்தில் பெண் மீன் சரளைக் கற்களில் குழி பறித்து முட்டையிடும். அக்குழியில் வண்டல் படிந்தால் முட்டைகள் மூச்சடைத்து அழியும். இந்த ஒரு செய்தியை நினைவில் கொண்டால் பிற்கால வரலாறு எளிதில் விளங்கும்.

1623–24 குளிர்காலத்தை ஹியூரான் மக்களிடையே கழித்த பிரெஞ்சுத் துறவி காப்ரியேல் சகார் ஒரு வழக்கத்தைக் குறித்துள்ளார். மீன்பிடி முகாம்களில் ஒருவர் மீன்களை நோக்கிச் சொற்பொழிவாற்றி, அஞ்சாமல் வலைக்கு வருமாறு அழைப்பாராம். மீன் எலும்பை நெருப்பில் இட மாட்டார்கள். இட்டால் மற்ற மீன்கள் இனி அகப்படா என்பது நம்பிக்கை. அவர்கள் பிடித்தவை பெரும்பாலும் ஏரி மீன்களே. ஆயினும், உண்ணப்படும் உயிருக்கும் மானம் உண்டு என்ற எண்ணம் அங்கே தெளிவாகத் தெரிகிறது. சகார் இதை மூடநம்பிக்கையாகவே பார்த்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

19ஆம் நூற்றாண்டில் காடுகள் வெட்டப்பட்டன. தோல் பதனிடும் பட்டைக்காக ஹெம்லாக் மரங்கள் சாய்க்கப்பட்டன. நிழல் போனதும் ஓடைநீர் சூடேறியது, சரளையில் மண் படிந்தது. ஆலைகளுக்காகக் கட்டிய அணைகள் மீனின் வழியை மறித்தன. இரயில் வந்தபின் நகரத்துத் தூண்டில்காரர்களும் கூடைகூடையாக அள்ளினர். வெர்மான்ட் மாநிலத்துக்காக 1857இல் அறிக்கை எழுதிய ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ், மீன் குறைவுக்குக் காடழிப்பும் ஆலைகளும் காரணம் என்று காட்டினார். அக்காலத்துக்கு அது துணிவான பேச்சு. அரசுகளோ எளிய வழியை நாடின. ஒஹாயோ மருத்துவர் தியோடேட்டஸ் கார்லிக் 1853இல் இம்மீனின் முட்டைகளைச் செயற்கையாகக் கருவுறச் செய்திருந்தார். குஞ்சு பொரிப்பகங்கள் பெருகின. கலிபோர்னியாவிலிருந்து வானவில் ட்ரவுட்டும், 1883இல் ஜெர்மனியிலிருந்து பழுப்பு ட்ரவுட்டும் வந்தன. விருந்தாளிகள் வீட்டுக்காரனைப் பல ஓடைகளிலிருந்து விரட்டிவிட்டன. மேற்கு மாநிலங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட ஓடை ட்ரவுட்டும் அங்குள்ள கட்த்ரோட் ட்ரவுட்டுக்கு அதையே செய்தது!

பிடித்த மீனை உயிருடன் திரும்ப விடும் பழக்கத்தை 1930களின் இறுதியில் லீ வுல்ஃப் வலியுறுத்தினார். இன்று பலர் இதையே மரியாதையின் உச்சம் என்கின்றனர். ஆனால் அலாஸ்காவின் யூப்பிக் மக்களுக்கு இது உணவோடு விளையாடும் அவமதிப்பு. கொக்கி குத்திய மீன் எல்லாம் பிழைப்பதுமில்லை. தேவைக்கு இரண்டு மீன் எடுத்துத் தூண்டிலைச் சுருட்டுபவரே இருவருக்கும் இடைப்பட்ட நல்லவர் என்பேன்.

கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் ஓடை ட்ரவுட் பிடிக்கப் பல ஆண்டுகள் தடை இருந்தது. சில ஓடைகளில், அருவிக்கு மேற்பகுதியில் இருந்த வானவில் ட்ரவுட்டை அகற்றிவிட்டு, பழைய குடியை மீண்டும் விட்டனர். 2006இல் தடை நீங்கியது.