ஸ்ரீவில்லிபுத்தூர் தீர்ப்பும், அதற்கு ஆறு வருஷம் முந்தைய ஒரு புகாரும்

ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். வெளியூர்க்காரர்கள் ஆண்டாள் கோயிலுக்கும் பால்கோவாவுக்கும் வருவார்கள். மாவட்டத்துக்காரர்கள் பெரும்பாலும் கோர்ட்டுக்கு வருவார்கள். மாவட்டத் தலைநகர் விருதுநகர்தான், ஆனால் மாவட்ட நீதிமன்றம் இருப்பது இங்கே. வாய்தா என்றால் அருப்புக்கோட்டைக்காரரும் இங்கேதான் வந்தாகணும்.

இங்குள்ள மகளிர் நீதிமன்றம் 2024 ஏப்ரல் 30 அன்று நிர்மலா தேவிக்குப் பத்து ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. முந்தின நாள் அவரைக் குற்றவாளி என்று அறிவித்திருந்தது. அவரோடு குற்றம் சாட்டப்பட்டிருந்த, பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் மீதான குற்றச்சாட்டுகளை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்று விடுதலை ஆனார்கள். டிவியில் இரண்டு நாள் ஓடியது, பிறகு அடங்கிவிட்டது.

‘ஒரு பேராசிரியை தப்பு செய்தார், தண்டனை கிடைத்தது’ என்றுதான் இந்த வழக்கு நம் ஞாபகத்தில் நிற்கிறது. அது உண்மைதான். ஆனால் இதற்குள் இன்னொரு கதையும் இருக்கிறது. நம் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் மாணவிகளின் புகாரை எப்படிக் கையாள்கின்றன என்பது அந்தக் கதை. அதைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

நடந்ததைத் தேதிவாரியாகப் பார்ப்போம். நிர்மலா தேவி அருப்புக்கோட்டை தேவாங்கர் கலைக் கல்லூரியில் கணிதத் துறை உதவிப் பேராசிரியர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரி அது. ராஜபாளையம் ராஜூக்கள் கல்லூரி உட்பட இந்த வட்டாரத்துக் கல்லூரிகள் பலவும் அந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான். 2018 மார்ச்சில் அவர் நான்கு மாணவிகளிடம் போனில் பேசினார். பல்கலைக்கழக மேலிடத்தில் சிலருக்கு ‘ஒத்துழைத்தால்’ மதிப்பெண்ணும் பணமும் கிடைக்கும் என்பது அந்தப் பேச்சின் சாரம். மாணவிகள் அந்தப் பேச்சிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பேச்சைப் பதிவும் செய்து வைத்தார்கள். கல்லூரி நிர்வாகத்திடம் புகாரும் கொடுத்தார்கள்.

மார்ச்சிலேயே கல்லூரி அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. போலீசுக்குப் போகவில்லை. ஏப்ரல் நடுவில் அந்த ஆடியோ வாட்ஸ்அப்பில் பரவி, தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகுதான் கல்லூரித் தரப்பு போலீசில் புகார் கொடுத்தது. ஏப்ரல் 16 அன்று நிர்மலா தேவி கைது. அடுத்த நாளே வழக்கு சிபிசிஐடிக்குப் போனது.

இதில் கவனிக்க வேண்டியது, மாணவிகள் மறுக்க எடுத்துக்கொண்டது ஒரு போன் பேச்சின் நேரம். நிறுவனம் போலீஸ் வாசலுக்குப் போக எடுத்துக்கொண்டது ஏறக்குறைய ஒரு மாதம். அதுவும் ஆடியோ வெளியே வந்த பிறகு. வராமல் இருந்திருந்தால்? பணியிடை நீக்கத்தோடு விஷயம் முடிந்திருக்குமோ என்ற கேள்வி எழாமல் இருக்காது.

அப்போது விதிகளே இல்லையா என்றால், தாராளமாக இருந்தன. 1997 ஆகஸ்ட் 13 அன்று விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் பணியிடப் பாலியல் தொல்லைக்கு வழிகாட்டு நெறிமுறைகளைத் தந்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் பெண் தலைமையில் புகார்க் குழு வேண்டும், வெளியாள் ஒருவர் அதில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வந்ததுதான். அடுத்த ஆண்டு, சென்னையில் கல்லூரி மாணவி சரிகா ஷா ஈவ்டீசிங்கில் சிக்கி இறந்ததைத் தொடர்ந்து, தமிழ்நாடு தனியாக ஒரு சட்டமே போட்டது. ஆனால் அந்தச் சட்டம் குறிவைத்தது தெருவில், பஸ்ஸில் சீண்டுகிறவனை. வகுப்பறைக்குள் மார்க் போடுகிறவரைப் பற்றிய யோசனை அப்போது நம்மிடம் அதிகம் இல்லை.

டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் அந்த யோசனையை முன்னெடுத்தது. 1999-இல் அங்கே வந்த குழுவில் மாணவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும் இருந்தார்கள். 2013-இல் நாடாளுமன்றச் சட்டம் வந்தது. அதை ஒட்டி யுஜிசி தன் ‘2015 ஒழுங்குமுறை’களை 2016-இல் அறிவித்தது.

அந்த ஒழுங்குமுறையை நிதானமாக வாசித்தால் ஆச்சரியமாக இருக்கும். கல்லூரி எப்படி இயங்குகிறது என்று தெரிந்தவர்கள் எழுதியது அது. உள்ளகப் புகார்க் குழுவுக்கு மூத்த பெண் ஆசிரியர் தலைவர். வெளியிலிருந்து ஒரு உறுப்பினர். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மூன்று மாணவர்கள் குழுவில் இருக்க வேண்டும், அவர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், புல முதல்வர், துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் குழுவில் இருக்கவே கூடாது. விசாரணை 90 நாளில் முடியணும். சலுகை தருகிறேன் என்று ஆசை காட்டிப் பாலியல் இணக்கம் கேட்பதும் பாலியல் தொல்லைதான் என்று வரையறையிலேயே இருக்கிறது. விசாரணை நடக்கும்போது, புகார் கொடுத்தவரின் தேர்வையோ வேலையையோ மதிப்பிடுவதிலிருந்து குற்றம் சாட்டப்பட்டவரை விலக்கி வைக்கவும் வழி உண்டு.

கடைசியில் சொன்னதுதான் முக்கியம். இன்டர்னல் மார்க் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் மாணவியின் பயமும் இருக்கிறது. முதல் தலைமுறையாகக் காலேஜ் வாசல் மிதித்த பெண்ணுக்கு இது இன்னும் அதிகம். விஷயம் வீட்டுக்குத் தெரிந்தால், ‘படிச்சது போதும், வீட்டோட இரு’ என்று நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் வேறு. இத்தனையையும் தாண்டித்தான் அந்த நாலு பேரும் புகார் கொடுத்தார்கள்.

ஆடியோ வெளியான பிறகு மேலே என்ன நடந்தது? பல்கலைக்கழகம் ஒரு விசாரணைக் குழுவை அறிவித்தது. வேந்தரான ஆளுநர் பன்வாரிலால் புரோகித் தனியாக, ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி ஆர். சந்தானத்தை விசாரணைக்கு நியமித்தார். இன்னொரு பக்கம் சிபிசிஐடி. பேச்சில் ஆளுநரைப் பற்றிய குறிப்பும் இருந்ததால் அவர் பத்திரிகையாளர்களைச் சந்தித்து, அந்தப் பேராசிரியையைத் தனக்குத் தெரியவே தெரியாது என்றார். அந்தச் சந்திப்பின் முடிவில் கேள்வி கேட்ட பெண் பத்திரிகையாளரின் கன்னத்தில் தட்டினார். எதிர்ப்பு கிளம்ப, மறுநாள் மன்னிப்பு கேட்டார். பேத்தி மாதிரி நினைத்துத் தட்டினேன் என்பது அவர் சொன்ன விளக்கம். ஒரு பெண்ணின் சம்மதம் என்றால் என்ன என்று மாநிலமே பேசிக்கொண்டிருந்த வாரம் அது.

சந்தானம் மே மாதம் ஆளுநரிடம் அறிக்கை கொடுத்தார். விசாரித்தவரை நியமித்தவர் வேந்தர், அறிக்கையை வாங்கிக்கொண்டவரும் வேந்தர். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் விசாரணையில் இருக்கக் கூடாது என்று யுஜிசி ஏன் எழுதி வைத்தது என்பது இதைப் பார்த்தால் புரியும்.

பிறகு வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தது. ஆள் கடத்தல் தொடர்பான இந்தியத் தண்டனைச் சட்டம் 370-ஆம் பிரிவு, விபசாரத் தடுப்புச் சட்டம், தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஆகியவற்றின் கீழ் விசாரணை நடந்தது. குற்றவியல் நீதிமன்றம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: எதிரே நிற்கும் இந்த நபர் இந்தப் பிரிவின் கீழ் குற்றம் செய்தது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறதா? அந்தக் கேள்விக்கு ஆறு வருஷத்தில் பதில் கிடைத்தது. ஆதாரம் போதாது என்றால் விடுவிப்பதும் நீதிமன்றத்தின் கடமை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் மாணவிகளின் புகாருக்குள் வேறு கேள்விகளும் இருந்தன. மேலிடத்தின் பெயரைச் சொன்னாலே மாணவி பணிந்துவிடுவாள் என்று ஒரு ஆசிரியை நம்பும் அளவுக்கு ஒரு அமைப்பு எப்படி ஆனது? மதிப்பெண்ணைச் சரக்காகப் பேச முடிந்தது எப்படி? புகார் வந்த அன்றே மாணவிகளிடம், ‘போலீசுக்குப் போக விரும்பினால் நாங்கள் உதவுகிறோம்’ என்று சொல்வது யார் பொறுப்பு? 2013 சட்டம் இந்த உதவியை நிறுவனத்தின் கடமையாகவே சொல்கிறது. இவற்றுக்கு நீதிமன்றம் பதில் சொல்லாது. அதன் வேலையும் அது இல்லை. உள்ளகக் குழுதான் சொல்ல வேண்டும்.

ரகசியம் காப்பதும் அப்படித்தான். புகார் விவரங்களை வெளியிடக் கூடாது என்கிறது 2013 சட்டம். 2018-இல் மாணவிகளின் குரலே வாட்ஸ்அப்பில் சுற்றியது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானபோது அவர் விவரங்களோடு எஃப்ஐஆரே வெளியில் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை, முப்பது வருஷத்துக்குக் குறைப்பே கிடையாது. இங்கே தீர்ப்பு வேகமாக வந்தது. ஆனால் கசிந்த எஃப்ஐஆரைத் திரும்ப அள்ள முடியாது.

அந்த மாணவிகள் ஏன் போனைப் பதிவு செய்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வெறும் வாய்ச் சொல்லாகப் போய் நின்றால் நம்ப மாட்டார்கள் என்ற சந்தேகம் இருந்திருக்கலாம். வீட்டில் காலேஜ் போகிற பிள்ளை இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்: உங்க காலேஜ்ல புகார்க் குழுவுக்கு யார் தலைவர்? வெளி உறுப்பினர் யாரு? மாணவர் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தாங்களா, இல்ல நிர்வாகமே பெயர் எழுதி வச்சுக்கிச்சா? ‘தெரியலையே’ என்று பதில் வந்தால், அந்தப் பிள்ளைக்கும் நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் கையில் இருக்கப்போவது போன் மட்டும்தான்.