மேசைக்கணினி இடைமுகத்தில் தமிழ் உரை வரைதல்

மென்பொருளின் பொத்தான், பட்டியல், அட்டவணைக் கட்டம், நிலப்படம் ஆகியவற்றின் மேல் தெரியும் சிறு உரைகளுக்கு நிறம், தடிப்பு, அளவு கொடுத்து அவற்றை நேரடியாகத் திரையில் தீட்டுவது வடிவூட்டிய உரை வரைதல் ஆகும். இதற்கு முழுச் சொற்செயலி தேவையில்லை. நிரலர் ஒரு சரத்தையும் எழுத்துருவின் பெயரையும் இடத்தையும் சொன்னால் போதும், இயக்கத்தளம் வரைந்துவிடும். உரோமன் எழுத்துகளுக்கு இது தொடக்கம் முதலே எளிய வேலை: ஓர் எழுத்தை வரைந்து, அதன் அகலம் நகர்ந்து, அடுத்ததை வரைய வேண்டியதுதான். தமிழுக்கு இதே எளிமை ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்தே முறையாகக் கிடைத்தது.

இரண்டு ஊர்ப்பெயர்கள்

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை வட்டத்தின் தலைமையிடம் செம்மேடு. நிலப்பட மென்பொருள் ஒன்று இந்த இரு பெயர்களையும் உரிய புள்ளிகளில் வரைய வேண்டும் என்று கொள்வோம்.

'செம்மேடு' கண்ணுக்கு 4 எழுத்துகள். ஒருங்குறியில் அது 8 குறிகள். முதலில் 'ச', அதன் பின்னரே ஒற்றைக்கொம்பு சேமிக்கப்படுகிறது. ஆனால் திரையில் கொம்பு 'ச'வுக்கு இடப்புறம் வர வேண்டும். 'மே'யின் இரட்டைக்கொம்பும் அப்படியே. 'டு' என்பதில் ட-வும் உகரக்குறியும் ஒட்டி ஒரே வடிவமாகின்றன. 'கொல்லிமலை' இன்னும் கடினம். 5 எழுத்துகளுக்கு 9 குறிகள் உள்ள அச்சொல்லின் முதலெழுத்தில் ஒகரக்குறி என்ற ஒரே குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு இடப்புறமும் கால் வலப்புறமும் அமைய வேண்டும். சேமித்த வரிசை ஒன்று, வரையும் வரிசை வேறொன்று. தமிழ்க் கணிமையின் பெரும்பகுதி வரலாறு இந்த இடைவெளியைக் கடந்த கதைதான்.

தட்டச்சுப்பொறியின் வழக்கம்

கணினிக்கு முன்பு இந்தச் சிக்கல் எழவில்லை. 1930களில் முத்தையா வடிவமைத்த விசைப்பலகை உள்ளிட்ட தமிழ்த் தட்டச்சுப்பொறிகளில் கொம்பை முதலில் அடித்துவிட்டு மெய்யை அடிப்பதே முறை. தாளில் இடமிருந்து வலமாக எது தெரிகிறதோ அதுவே விரலின் வரிசை. தட்டச்சர்கள் பல தலைமுறைகளாக இப்படித்தான் பழகினர்.

1978இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தமும் இங்கு நினைக்கத்தக்கது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய தனிவடிவங்களும், ணா, றா, னா வரிசையின் தனிவடிவங்களுமாக 13 எழுத்துகள் மாற்றப்பட்டன. கொல்லிமலையின் கடைசி எழுத்தும் அவற்றுள் ஒன்று. சீர்திருத்தம் கணினிக்காகச் செய்யப்பட்டதன்று. ஆயினும் தனி வடிவங்கள் குறைந்ததால், சில ஆண்டுகளில் வந்த சிறிய எழுத்துருக்களுக்குள் தமிழை அடக்குவது எளிதாயிற்று.

படமாகச் சேமித்த காலம்

1980களில் இருவேறு வழிகள் பிறந்தன. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கி, பின்னர் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பம், எழுத்தை ஒலிப்பு வரிசையில் சேமித்து, வரையும் பொறுப்பை ஒரு தனி மின்னணு அட்டையிடம் கொடுத்தது. இதையொட்டி இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியேற்றம் 1988இல் உருவாகி, 1991இல் இந்தியத் தர நிர்ணயமாயிற்று. கொள்கையளவில் இதுவே சரியான வழி. ஆனால் தனி அட்டை வாங்க வேண்டும்.

மற்ற வழி மலிவானது. கனடாவில் சீனிவாசனின் ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு, சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு எனப் பல முயற்சிகள் தனிமனிதர்களின் உழைப்பில் வந்தன. விண்டோசில் புழங்கிய எண்பிட்டு எழுத்துருக்கள் செய்தது இதுதான்: உரோமன் எழுத்துகளுக்கோ குறிகளுக்கோ உரிய எண்ணிடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தன. கொம்புக்கு ஓர் எண், ச-வுக்கு ஓர் எண், 'டு'வுக்குத் தனி எண். இயக்கத்தளத்துக்குத் தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலத்தை வரையும் அதே செயற்கூறு செம்மேட்டையும் அதே வேகத்தில் வரைந்தது.

தமிழ் உரை இவ்வளவு எடை குறைவாக அதற்கு முன்பும் வரையப்படவில்லை, பின்பும் வரையப்படவில்லை. விலை வேறிடத்தில் கொடுக்கப்பட்டது. எழுத்துரு இல்லாத கணினியில் உரை பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. கொம்பு முன்னால் இருந்ததால் 'செ' தொடங்கும் ஊர்களும் 'மே' தொடங்கும் ஊர்களும் தம் மெய்யெழுத்தின் கீழ் வராமல் கொம்பின் கீழ் வரிசைப்பட்டன. ஓர் எழுத்துருவில் உள்ளிட்ட பட்டியல் இன்னோர் எழுத்துருவில் திறக்காது. ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் நிறைந்த ஆவணங்களுக்கு இது சிறு குறையன்று.

சென்னையில் 1999இல் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழுக்கு மட்டுமான டாம், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த டாப் என்னும் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரமாக்கப்பட்டன. ஒரு வேடிக்கை: தமிழ்99இல் விரல் ஒலிப்பு வரிசையில் 'ச, எ' என்று அடிக்கும், கோப்பிலோ கொம்புதான் முதலில் பதியும்.

ஒருங்குறியும் ஒரு தேர்வுப்பெட்டியும்

1991இல் வெளியான ஒருங்குறி, இஸ்கியின் வழியைப் பின்பற்றித் தமிழை ஒலிப்பு வரிசையில் வைத்தது. மைக்ரோசாப்ட் விண்டோஸ் 2000 பதிப்பில் லதா எழுத்துருவையும், குறிகளை இடமாற்றி ஒட்டவைக்கும் யூனிஸ்கிரைப் என்ற நிரற்கூறையும் தந்தது. ஆயினும் விண்டோஸ் எக்ஸ்பி வரை இந்த ஆதரவை வட்டார அமைப்புப் பக்கத்தில் ஒரு தேர்வுப்பெட்டியைக் குறியிட்டுத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. அதை அறியாதவர் திரையில் ச-வுக்கு வலப்புறம் கொம்பு தொங்கியது, அல்லது வெற்றுக் கட்டங்கள் வந்தன. ஒருங்குறியே பிழையானது என்ற எண்ணம் சிலரிடம் வேரூன்றியதற்கு இந்தப் பெட்டியும் ஒரு காரணம் எனலாம். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் தரும் டேஸ்16 என்ற குறியேற்றம் தமிழ்நாட்டில் முன்வைக்கப்பட்டது. 2010இல் அரசு ஒருங்குறியோடு அதையும் ஏற்றது. வரையும் பொறி சிக்கலாகக் கூடாது என்பதே அதன் வாதங்களுள் வலுவானது. அதற்குள் பொறிகள் தேறிவிட்டன.

இலகு உரைப் பொருள்

2006 நவம்பரில் டாட்நெட் 3.0 உடன் வந்த விண்டோஸ் பிரசன்டேஷன் ஃபவுண்டேஷனில் ஃபார்மட்டட்டெக்ஸ்ட் என்னும் பொருள் இடம்பெற்றது. பழைய விண்டோசின் டிராடெக்ஸ்ட் செயற்கூறு செய்த வேலையை இது ஏற்றது. முழு உரைப்பெட்டி போல இது இடைமுகத்தில் தனி உறுப்பாக இராது, சொடுக்கலைக் கேட்காது. வரைந்தவுடன் அதன் வேலை முடிந்தது. ஆயிரக்கணக்கான ஊர்ப்பெயர்களை நிலப்படத்தில் வரைய இத்தகைய பொருளே ஏற்றது. சரம், பண்பாட்டுக்குறி, எழுத்துத் திசை, எழுத்துரு, அளவு, நிறம் ஆகியவற்றைக் கொடுத்தால் அது அகலத்தையும் உயரத்தையும் அளந்து சொல்லும்; 'கொல்லிமலை வட்டாட்சியர் அலுவலகம்' என்ற நீண்ட பெயரைக் குறித்த அகலத்துக்குள் மடிக்கும், அல்லது வெட்டிப் புள்ளியிடும். ஆங்கிலத்தைக் கொண்டு உயரத்தை ஊகித்து வைத்த கட்டங்களில் 'கீ'யின் சுழி மேலேயும் 'கு'வின் அடிப்பகுதி கீழேயும் வெட்டுப்படுவது வழக்கமான பிழை. அளந்து வரைந்தால் அது நேராது.

லினக்ஸ் மேசைத்தளங்களில் பாங்கோ நூலகம் இதே வேலையைச் செய்தது. எழுத்தை வடிவாக்கும் பொறுப்பைப் பின்னாளில் ஆர்ஃப்பஸ் நூலகம் ஏற்றது. பயர்பாக்சு, குரோம், லிப்ரெஓபிஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் தமிழ் வரைவதும் அதுவே.

எங்கே பிழை மிஞ்சுகிறது

ஃபார்மட்டட்டெக்ஸ்ட் பொருளில் ஒரு சொல்லின் ஒரு பகுதிக்கு மட்டும் நிறமோ தடிப்போ கொடுக்கலாம். எந்த இடத்தில் தொடங்கி எத்தனை குறிகள் என்று நிரலர் எண்ணால் சொல்ல வேண்டும். அந்த எண் சேமித்த குறிகளை எண்ணுகிறது, தமிழ் எழுத்துகளை அன்று. ஊர்ப்பட்டியலில் ஒருவர் 'மல' என்று தேட, பொருந்திய பகுதியைச் சிவப்பாக்கும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 'கொல்லிமலை'யில் ம, ல இரண்டும் சிவப்பாகும். ஐகாரக்குறி வரம்புக்கு வெளியே நிற்கும், ஆனால் அது வரையப்பட வேண்டிய இடமோ ல-வுக்கு முன்னால். நிற எல்லையில் உரையைத் துண்டாக்கும் பொறிகளில் 'லை' சிதைந்து, ஐகாரக்குறி ஒரு புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியே நிற்கும். 'கொல' என்று தேடினால் இதே கதி 'ல்'லின் புள்ளிக்கு நேரும்.

இதற்கு மருந்து உண்டு. ஒருங்குறியின் உரைப்பகுப்பு விதிகள் எழுத்தின் எல்லையை வரையறுக்கின்றன. டாட்நெட்டில் ஸ்ட்ரிங்இன்ஃபோ அதைக் கணக்கிட்டுத் தருகிறது. வரம்பை முழு எழுத்துவரை நீட்டிவிட்டு நிறமிட்டால் 'மலை' முழுவதும் சிவப்பாகும். இன்னொன்றும் செய்ய வேண்டும். 'கொ' என்பதைக் க-வும் ஒகரக்குறியுமாகவும் சேமிக்கலாம். க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாகவும் சேமிக்கலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். தேடலுக்கு முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவராவிட்டால், கண்ணெதிரே இருக்கும் கொல்லிமலையை மென்பொருள் இல்லை என்று சொல்லும்.