மூழ்கிப்போன ஈடு: பர்மிய வயல்கள் கைமாறிய வரலாறு

ஐராவதி நதி பல கிளைகளாகப் பிரிந்து கடலோடு கலக்கும் தென்பர்மாக் கழிமுகத்தில், நெல் விளையும் முதன்மையான மாவட்டங்கள் பதின்மூன்று. அவற்றிலே நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு உடைமையாயிருந்த நிலம் 1930 இல் ஏறத்தாழ 5,70,000 ஏக்கர். 1938 இல் அது 24,68,000 ஏக்கர் ஆயிற்று. அம்மாவட்டங்களின் நிலத்திலே நாலில் ஒரு பங்கு அது. படையெடுப்பு எதுவும் நிகழவில்லை. ஈட்டு உறுதிகளே இம்மாற்றத்தைச் செய்து முடித்தன. குற்றவாளி யார் என்ற கேள்வி அன்றே எழுந்தது. விடையும் அன்றே கிடைத்தது: செட்டியார். அவ்விடை எத்துணை பொருந்தும் என்பதை இங்கு ஆராய்வோம். போருக்கு முந்திய இலங்கை உண்ட அரிசியிற் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்ததாதலால், இது நமது சோற்றுப்பானையோடும் தொடர்புடைய விஷயம்.

1852 இல் ஆங்கிலேயர் தென்பர்மாவைக் கைப்பற்றிய போது கழிமுகத்தின் பெரும்பகுதி காடும் சதுப்புமாகக் கிடந்தது. 1869 இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பியச் சந்தை அருகில் வந்தது. வடபர்மாவிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் இறங்கி வந்து காட்டை வெட்டினர். பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நிலத்தை ஆண்டு, அதற்குரிய வரியையும் செலுத்தியவனுக்கு அந்நிலம் உரிமையாகும் என்று 1876 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. நல்ல சட்டம் என்றே தோன்றும். ஆயின் காடு வெட்டுபவனுக்கு முதலாண்டில் விளைச்சல் இல்லை. மாடு வேண்டும், விதை வேண்டும், அறுவடை வரை உண்ண வேண்டும். இவற்றுக்கான பணத்தை அரசு கொடுக்கவில்லை. ஐரோப்பிய வங்கிகள் இரங்கூனை விட்டு வயற்புறம் எட்டிப் பார்க்கவுமில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். யாழ்ப்பாணத்திலே ஒற்றிக்கும் ஈட்டுக்கும் உள்ள பேதத்தை நாமெல்லாரும் அறிவோம். ஒற்றியில் நிலத்தின் விளைவு கடன் கொடுத்தவனுக்குச் செல்லும். காசைக் கட்டிய அன்று நிலம் திரும்பும். பர்மிய மன்னர் காலத்து வழக்கும் பெரும்பாலும் இத்தகையதே. பரம்பரை நிலத்தை எத்தனை ஆண்டு சென்றாலும் மீட்டுக்கொள்ளலாம். அறுதியாக விற்பது அருமை. ஆங்கிலேயச் சட்டம் தென்பர்மாவில் நிலத்தை மற்றைய பண்டங்களைப் போல விற்கவும் ஈடு வைக்கவும் உரியதாக்கிற்று. தவணை தவறினால் நீதிமன்றம், நீதிமன்றத்தின் பின் ஏலம். பஞ்சாபில் இதன் ஆபத்தை உணர்ந்து, கமக்காரரின் நிலம் பிறர் கைக்குப் போகாதவாறு 1900 இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். பர்மாவிலும் அத்தகைய மசோதாக்கள் வரையப்பட்டன, ஆனால் நிறைவேறவில்லை. நிலத்தின் பேரிற் கடன் கிடையாதென்றால் காடு அழியாது, அரிசி ஏற்றுமதி வளராது என்ற அச்சம் அதிகாரிகளுக்கு இருந்தது. இத்தயக்கத்தை அவர்களின் பெரும்பிழை என்றே நான் கருதுகிறேன்.

பணம் கொடுக்க வந்தவர் செட்டியார். இரங்கூன் மொகல் வீதியில் தொடங்கிய வட்டிக்கடைகள் கழிமுகத்துச் சிறு பட்டினங்கள் வரை பரவின. காரைக்குடிப் பக்கத்து முதலாளியின் பேரால் முகவர் ஒருவர் மூன்றாண்டுத் தவணைக்கு வந்து, கணக்கை ஒப்புவித்துவிட்டுத் திரும்புவார். 1929-30 இல் வங்கித்தொழிலை ஆராய்ந்த குழு இக்கடைகளை ஏறத்தாழ 1,650 என்றும், அவை ஈடுபடுத்தியிருந்த தொகையை ஏறத்தாழ 75 கோடி ரூபா என்றும் மதிப்பிட்டது. அதிலே பெரும்பகுதி உழவுத்தொழிலிற் கிடந்தது. நல்ல ஈடுள்ள கடனுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து என்ற அளவில் ஆண்டு வட்டி. ஊரிலே அறுவடை நெல்லாகத் திருப்பிக் கொடுக்கும் கடனுக்கு இதனினும் மிக்க வட்டி வாங்கப்பட்டது. செட்டியாரிடம் குறைந்த வட்டிக்கு வாங்கிக் கூடிய வட்டிக்குக் கமக்காரனுக்குக் கொடுத்த பர்மியரும் பலர். வசைபாடிய பத்திரிகைகள் இவர்களைப் பெரும்பாலும் மறந்துவிட்டன.

இனி நெல்லை வாங்கியவர் பக்கம் வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரிசியாலைகள் ஒரு பெருஞ் செலவுக்கு வழி கண்டன. நீராவி இயந்திரங்களை ஓட்டுதற்குக் கடல் கடந்து வந்த நிலக்கரியை விலை கொடுத்து வாங்கியவர்கள், நெல்லைக் குத்தும்போது மலைபோற் குவியும் உமியையே எரிப்பதற்கேற்ற உலைகளை அமைத்தார்கள். எரிபொருட் செலவு அற்றுப்போயிற்று. உமியை எரித்தும் தீரவில்லை. எஞ்சியதை ஆற்றிலே கொட்டினர். இச்சிக்கனத்தின் விளைவு பெரிது. நிலக்கரி இறங்கும் துறைமுகத்தை விட்டு உள்நாட்டிலும் சிற்றாலைகள் தோன்றின. 1900 இல் நூற்றுக்குக் குறைவாயிருந்த ஆலைகள் 1930 அளவில் அறுநூறு என்ற எண்ணிக்கையை எட்டின. அவற்றுட் பல பர்மியர், சீனர், இந்தியர் ஆகியோருக்கு உரியவை. செட்டியார் கடனிலேயே எழுந்தவையும் உண்டு.

உமியும் நெல்லோடு சேர்ந்து கூடைக்கணக்கில் கமக்காரன் விற்றதுதானே? அதனால் மிஞ்சிய செலவில் அவனுக்கு ஏதேனும் கிடைத்ததா? ஆலைகள் போட்டியிட்டு வாங்கிய இடத்திற் சிறிது கிடைத்திருக்கலாம். ஆயின் 1921 இல் பெரிய ஐரோப்பியக் கம்பனிகள் நான்கு ஒன்று சேர்ந்து, நெல்லுக்கு இன்ன விலைதான் கொடுப்பது என்று கூட்டு அமைத்துக்கொண்டன. வாங்குவோர் தம்முள் இசைந்துவிட்டபின், தவணைக்கு வட்டி கட்டவேண்டியவன் அறுவடையான உடனே விற்கத்தானே வேண்டும்?

உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது நெல்விலை ஓராண்டிலேயே ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது; பின்னரும் நெடுங்காலம் தலைதூக்கவில்லை. கடன் குறையவில்லை, வரியும் நின்றது. 1930 டிசம்பரில் தராவடி மாவட்டத்தில் சாயா சான் தலைமையிலே கிளர்ச்சி மூண்டது. தலைவரி அதற்கு உடனடிக் காரணங்களுள் ஒன்று. 1931 இல் அவர் தூக்கிலிடப்பட்டார். கடனை மீட்க இயலாத கமக்காரர் நீதிமன்றம் வரை போகாமலே உறுதியை எழுதிக் கொடுத்துவிட்டு, தம் வயலிலேயே குத்தகைக்காரராயினர்.

செட்டியார் இந்நிலத்தை விரும்பி ஏற்றாரா? இல்லை என்பதே சான்றுகள் தரும் விடை. அவர் தொழில் பணத்தைப் புரட்டுவது. விலைபோகாத வயல் கையில் முடங்கிக் கிடக்க, செட்டிநாட்டிலே வைப்புப் பணம் போட்டவர்களுக்கு அவர் மறுமொழி சொல்ல வேண்டியிருந்தது. எனினும் அவரை முற்றாகக் குற்றமற்றவர் என்று கூற நான் ஒருப்படேன். நெல்விலை ஏறி நின்ற ஆண்டுகளில், அது இறங்கவே இறங்காது என்பதுபோல நிலத்தை மதிப்பிட்டுக் கடன் கொடுத்தார். நிலம் கைக்கு வந்தபின் கூடிய குத்தகை தருவோனைத் தேடினார். குத்தகைக்காரன் ஆண்டுதோறும் மாறினான். வரம்பைக் கட்டவும் எருவிடவும் எவனுக்கு மனம் வரும்? ஆயினும் இவை சட்டம் அனுமதித்தவை. விலையைத் தீர்மானித்த ஆலைக்காரனையும் சட்டத்தை எழுதிய அதிகாரியையும் கமக்காரன் நேரிற் கண்டதில்லை. தாயக் கழுத்திலே திருநீற்றோடு அமர்ந்து உறுதியைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவரையே கண்டான், அவரோ அயல்நாட்டார்.

பர்மா இந்தியாவிலிருந்து 1937 இல் பிரிந்தது. 1938 யூலையில் இரங்கூனில் வெடித்த இந்தியர் எதிர்ப்புக் கலவரத்திலே, கடனுக்கும் வயலுக்கும் சம்பந்தமே இல்லாத துறைமுகக் கூலிகளும் கடைச் சிப்பந்திகளும் அடிபட்டனர். அதன் பின்னரே குத்தகைக்காரரைக் காக்கவும் நிலம் கைமாறுவதைத் தடுக்கவும் சட்டங்கள் எழுந்தன. அவை வேரூன்றுமுன் 1942 இல் யப்பானியர் வந்தனர். பெருந்தொகையான இந்தியர் கடல்வழியும் கால்நடையாகவும் வெளியேறினர். செட்டியார்களும் அவர்களோடு சென்றனர். விடுதலை பெற்ற 1948 ஆம் ஆண்டிலேயே பர்மிய அரசு நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றிற்று. செட்டியார் குடும்பங்களிற் பெரும்பாலோர் எதிர்பார்த்த இழப்பீடு அவர்களுடைய கைக்கு வந்து சேரவேயில்லை.

1953 இல் வந்த சட்டம், பகிர்ந்தளித்த வயலை விற்பதையும் ஈடு வைப்பதையும் தடுத்தது. நிலம் தப்பிற்று, ஆனால் அரசு கொடுத்த பயிர்க்கடன் போதாமையால், கமக்காரர் ஊரிலே தனியாரிடம் முன்னிலும் கூடிய வட்டிக்கு வாங்கலாயினர். ஈடில்லாத கடனுக்கு வட்டி குறையுமா? ஏறத்தாழ அறுபதாண்டுகளின் பின், 2012 ஆம் ஆண்டு விளைநிலச் சட்டம் வயலை விற்கவும் குத்தகைக்கு விடவும் மீண்டும் ஈடு வைக்கவும் அங்குள்ள உழவனுக்கு அனுமதி கொடுத்தது.