முந்தல் கரையில் கண்டல் மீட்பு

இலங்கையின் முந்தல் களப்பை வடக்கே புத்தளத்தோடும் தெற்கே சிலாபத்தோடும் இணைப்பது ஒல்லாந்தர் கால்வாய். 1980களில் இக்கரையில் இறால் பண்ணைகள் பெருகின. கண்டல் காடுகளும் உவர்நிலமும் குளங்களாயின. பண்ணைகள் நீரை எடுத்ததும் கழிவை விட்டதும் இதே நீர்வழியில்தான். 1996இல் இறாலைத் தாக்கும் வெண்புள்ளி நோய் பண்ணைக்குப் பண்ணை தொற்றியதில் வியப்பில்லை. நொடித்த பலர் குளங்களை அப்படியே விட்டுப் போனார்கள்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரைக்கு அரணாகக் கண்டல் நடுவது தீவெங்கும் இயக்கமானது. நட்டவை பிழைத்தனவா என்று களத்தில் இறங்கிப் பார்த்தவர்கள் ருகுணு பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள். 2017இல் வெளிவந்த அவர்களது ஆய்வு கசப்பானது: 23 இடங்களில் நட்ட 1,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் சுமார் 200 ஹெக்டேரே தேறியது, 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பொருந்தாத நிலமட்டம், ஓதநீர் எட்டாமை, மாடுகள் மிதித்தல், நட்டபின் கவனிப்பின்மை ஆகியவை காரணங்கள். தோல்வியை எண்ணிச் சொன்ன இந்த ஆய்வே மிகப் பயனுள்ளது எனலாம்.

முந்தலுக்குத் தெற்கே ஆனைவிழுந்தான் சரணாலயத்தில் வேறு வழி கையாளப்பட்டது. வயம்ப பல்கலைக்கழகப் பேராசிரியர் செவ்வந்தி ஜயக்கொடி போன்றோரின் வழிகாட்டலில், கைவிட்ட இறால் குளங்களில் முதலில் நீரோட்டம் மீட்கப்பட்டது. ஓதம் உள்ளே வந்தால் விதைகளும் தாமே வந்து வேர்பிடிக்கும். 2020இல் கண்டல்களுக்கெனத் தேசியக் கொள்கை வந்தது. 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபை இலங்கையின் கண்டல் மீட்பை உலக முன்னோடித் திட்டங்களுள் ஒன்றாக அறிவித்தது.