பல் நகரும் விதம்



வாலிகண்டபுரம் என்றவுடன் வாலீசுவரர் திருக்கோயிலும், 1751ஆம் ஆண்டில் கருநாடகப் போரின்போது அங்கு நிகழ்ந்த சண்டையும் பலருக்கு நினைவில் எழும். அவற்றை ஆண்டுதோறும் வகுப்பில் விரித்துரைத்த நான், இன்று வேறொரு வரலாற்றைக் கூற வந்துள்ளேன். அதனைத் தேடிக் கற்குமாறு என்னைத் தூண்டியவன் என் மாணவன் ஒருவனே.

அவனுடைய மேல்வரிசை முன்பற்கள் இரண்டிற்கும் இடையே அகன்ற இடைவெளி இருந்தது. தோழர்களின் கேலியைப் பொறாத அவன், சிறிய ரப்பர் வளையம் ஒன்றை அவ்விரு பற்களையும் சுற்றி மாட்டிக்கொண்டான். சில வாரங்களில் பற்கள் நெருங்கின. “கெட்டிக்காரன்!” என்று வகுப்பறையில் நானே அவனைப் பாராட்டினேன். பின்னர் வளையம் காணாமற் போயிற்று; எங்கோ விழுந்துவிட்டது என்று அவன் எண்ணினான். உண்மையில் அது ஈற்றுக்குள் புகுந்து, கூம்பிய வேரின் வழியே மேலேறி, பல்லைத் தாங்கும் எலும்பை அழித்துக்கொண்டிருந்தது. மருத்துவரிடம் சென்றபோது காலம் கடந்துவிட்டது. இரு பற்களையும் அவன் இழந்தான். நகர்ந்த பல் ஏன் நிலைக்கவில்லை என்னும் வினா என்னை விடவில்லை.

பல் நகரும் என்பதை மனிதன் நெடுங்காலத்துக்கு முன்னரே அறிந்திருந்தான். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோம நாட்டில் வாழ்ந்த செல்சஸ், பால்பல் விழுமுன் புதுப்பல் முளைத்தால், பழையதைக் களைந்துவிட்டுப் புதியதை உரிய இடத்தை நோக்கி நாள்தோறும் விரலால் அழுத்திவர வேண்டும் என்று எழுதினார். பிரெஞ்சுக்காரரான பியேர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட நூலில், வளைந்த தகட்டோடு பற்களை நூலால் பிணைத்து வரிசைப்படுத்தும் முறையை விளக்கினார். எங்கள் ஊரில் சண்டை நடந்த காலத்தில் அவர் உயிருடன் இருந்தார். 1899இல் அமெரிக்கரான எட்வர்டு ஆங்கிள், மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்தாத குறைகளை மூவகையாக வகுத்தார். எனினும், எலும்பினுள் நிகழ்வது யாது என்பது தெளிவாகவில்லை.

1904இல் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் சாண்ட்ஸ்டெட், நாயின் பற்களைக் கம்பியால் நகர்த்தி, தாடையை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். வேருக்கும் எலும்புக்கும் இடையே ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள நார்ப்படலம் உண்டு. பல்லை ஒருபுறம் அழுத்தினால், அப்புறத்து எலும்பைச் சில உயிரணுக்கள் கரைக்கின்றன. நார் இழுபடும் மறுபுறத்தில் வேறு உயிரணுக்கள் புதிய எலும்பைக் கட்டுகின்றன. கோயில் மதிலில் வேரூன்றிய அரசங்கன்று கல்லைத் தள்ளுவது போன்றதன்று இது. உயிருள்ள எலும்பு தானே விலகி வழிவிடுகிறது.

அழுத்தம் மிகுந்தால் என்ன ஆகும்? படலத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன, அவ்விடத்து உயிரணுக்கள் மடிகின்றன, பல் நின்றுவிடுகிறது. சிதைந்த பகுதியைப் பின்புறமிருந்து உடல் அகற்றிய பின்னரே மீண்டும் நகர்கிறது. ஆகவே, வலிந்து தள்ளினால் விரைவு கிட்டாது. 1932இல் ஸ்வார்ஸ் என்பார், வேர்ப்பரப்பின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் வரையிலான விசையே ஏற்றது என்றார். இன்று இவ்வளவு பல்லுக்குப் பல், ஆளுக்கு ஆள் மாறும் என்பர்; மென்மையே நன்று என்னும் கருத்து மட்டும் நிலைத்துள்ளது. சிகிச்சையில் பல் திங்களுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகர்வதே இயல்பு. வேரின் நுனி கரைந்து குறுகுவதும் உண்டு என்பதை 1927இல் கெட்சம் எக்ஸ்ரே படங்களால் காட்டினார்.

விசை ஒன்றே அனைத்தையும் முடிவு செய்வதில்லை. வளரும் பருவத்தினரைவிட முதியோரிடம் நகர்ச்சி தொடங்கத் தாமதமாகும். ஈறுநோய் இருப்பின், முதலில் அதனைத் தீர்க்க வேண்டும். எலும்புத் தேய்வுக்குத் தரப்படும் சில மருந்துகள் நகர்ச்சியைத் தடுக்கும். வலிநீக்கி மருந்துகள் சில அதனை மந்தமாக்கக்கூடும். எனவே, உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவரிடம் மறையாது சொல்லுதல் வேண்டும். சிகிச்சை முடிந்த பின்னும் இழுபட்ட நார்கள் பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும்; அதனால்தான் பற்களை நிலைநிறுத்தும் கருவியைத் தொடர்ந்து அணியச் சொல்கின்றனர்.

1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாகப் பல் மருத்துவக் கல்வி நம் மாநிலத்தில் தொடங்கிற்று. பல்சீரமைப்பு வல்லுநர்களுக்கான இந்தியச் சங்கம் 1965இல் தோன்றியது. இக்கலை இன்று நமக்கு எட்டாத தொலைவில் இல்லை.

அம்மாணவனின் கைத்திறனை நான் மெச்சினேன். அவன் வாய்க்குள் உயிருள்ள எலும்பு இருப்பதை நினைத்திலேன். அறியாத ஆசிரியனின் பாராட்டும் தீங்கு செய்யும் என்பதை நான் கற்றேன். உங்களுள் எவரேனும் பற்களைக் கையால் மறைத்துச் சிரிப்பவராயின், நூலையும் ரப்பரையும் நாடாதீர்கள். தக்க மருத்துவரை நாடுங்கள். அருகிருப்போரே, கேலியை விடுங்கள். அக்கேலிதான் அவனை அந்த வளையத்திடம் கொண்டு சேர்த்தது.