திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் கணினிச் செயலியும் வரைகலை அட்டையும்: செயல்திறன் ஒப்பீட்டின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கணினிச் செயலிகளையும் வரைகலை அட்டைகளையும் ஒப்பிட உலகெங்கும் பயன்படும் அளவுகோல்கள் அறிவியல் கணக்கீடு, எந்திர வடிவமைப்பு, கணினி விளையாட்டு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு எழுந்தவை. பின்னலாடைத் தொழிலின் தேவைகள் அவற்றில் இடம்பெறவில்லை. திருப்பூரில் அச்சுப் படம், மார்க்கர், முப்பரிமாண மாதிரி ஆகிய மூன்று பணிகளையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் கணினியின் எந்த உறுப்பு வேகத்தைத் தீர்மானித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திருப்பூர், பின்னலாடை, செயலி, வரைகலை அட்டை, மார்க்கர், ஜாப் ஒர்க்

முன்னுரை

எந்தச் செயலி வேகமானது, எந்த வரைகலை அட்டை சிறந்தது என்னும் வினாக்களுக்கு எண்களே விடையாகத் தரப்படுகின்றன. அவ்வெண்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் உருவான வெட்ஸ்டோன் சோதனை, அறிவியல் நிரல்களில் மிகுதியாக வரும் தசமக் கணக்குகளை அளந்தது. 1984இல் ரைன்ஹோல்ட் வைக்கர் உருவாக்கிய டிரைஸ்டோன், முழு எண் கணக்குகளை முதன்மைப்படுத்தியது. 1988இல் ஸ்பெக் என்னும் கூட்டமைப்பு தோன்றியது. 1990களின் இறுதியில் வந்த 3டிமார்க், விளையாட்டுக் காட்சிகளைத் திரையில் எவ்வளவு விரைவாக வரைய முடிகிறது என்பதை அளவிட்டது. ஒவ்வோர் அளவுகோலும் அதனை உருவாக்கியவர்களின் தொழிலை அளவிடுகிறது.

திருப்பூரைப் பற்றிய சமூக அறிவியல் ஆய்வுகள் குறைவல்ல. பமீலா காவ்தார்ன் 1990களில் இவ்வூரின் தொழில் பெருக்கத்தை 'அமீபா முதலாளியம்' என்று விளக்கினார். ஒரு பெரிய ஆலையாக வளராமல், ஒரே உரிமையாளரின்கீழும் உறவினர்களின்கீழும் பல சிறு அலகுகளாகப் பிளந்து பெருகும் முறையை அத்தொடர் குறித்தது. ஷரத் சாரியின் 2004ஆம் ஆண்டு நூல், உழைப்பாளிகளாக இருந்த கவுண்டர்கள் முதலாளிகளான வரலாற்றை ஆராய்ந்தது. இவ்விரு ஆய்வுகளின் மையமும் உழைப்பும் உள்ஒப்பந்தமும் ஆகும். அவற்றின் பார்வையைக் கணினி அறைக்குள்ளும் கொண்டுசெல்ல இடமுண்டு.

துணிக்கும் கணினிக்கும் உள்ள உறவைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் 1804இல் ஜக்கார்டு உருவாக்கிய துளையட்டைத் தறியிலிருந்து தொடங்குவர். அக்கதை நெசவுக்கு உரியது. திருப்பூரோ பின்னலின் ஊர். இவ்வேறுபாடு வெறும் வரலாற்றுத் துல்லியத்துக்காகச் சொல்லப்படுவதன்று. வரைகலை அட்டையைப் பற்றிப் பேசும்போது இதுவே முதன்மையான சிக்கலாக மாறுகிறது.

அச்சுப் படமும் நினைவகமும்

டி-ஷர்ட்டின் மார்பில் அச்சிடப்படும் படம் பொதுவாக 14 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் கொண்டது எனலாம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அதை வரைந்தால் 4200 பெருக்கல் 4800, அதாவது ஏறத்தாழ 2 கோடியே 1 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள் வேண்டும். புள்ளிக்கு 3 பைட் எனில், ஓர் அடுக்குக்கு மட்டும் 60 மெகாபைட். ஸ்கிரீன் அச்சுக்காக அதை எட்டு நிறங்களாகப் பிரித்தால் எட்டுத் தடங்கள், 161 மெகாபைட். 1990களின் நடுவில் அலுவலகக் கணினிகளில் 8 அல்லது 16 மெகாபைட் நினைவகமே இயல்பு. எஞ்சியதைக் கணினி வன்தட்டில் எழுதி எழுதிப் படிக்க வேண்டியிருந்தது. இந்நிலையில் பெண்டியம் செயலியின் கடிகார வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் பயன் சிறிதே. காத்திருந்தது செயலியே; அதற்கு வேலை வந்து சேரவில்லை.

அக்காலத்து வரைகலை அட்டையின் ஒப்பீடும் வேறு வகையானது. அட்டையில் 1 மெகாபைட் நினைவகம் இருந்தால் 800 பெருக்கல் 600 புள்ளித் திரையில் 65,536 நிறங்களைக் காட்டலாம். ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட முழு நிறங்கள் வேண்டுமெனில் திரையை 640 பெருக்கல் 480 ஆகச் சுருக்க வேண்டும். வடிவமைப்பாளர் விரிந்த திரையையோ நிறைந்த நிறத்தையோ தேர்ந்தெடுக்கலாம். இரண்டையும் பெற இயலாது. 'நல்ல கார்டு' என்ற சொல்லுக்கு அன்று இருந்த பொருள் இதுவே. வேகம் அதில் பெரிதாகச் சேரவில்லை. (அட்டை எவ்வளவு நிறம் காட்டினாலும், சாயத்தின் ஒப்புதல் லேப் டிப் துண்டை ஒளிப்பெட்டியில் வைத்துப் பார்த்தே தரப்பட்டது. இன்றும் பெரும்பாலும் அவ்வாறே.)

மார்க்கரும் செயலியும்

இரண்டாவது பணி, வெட்டுக்கு முந்தைய திட்டம். முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து ரிப் என அட்டை பேட்டர்ன்களைத் துணியின் மீது பரப்பி, இடைவெளி குறையுமாறு அடுக்கிக் கோடிடுவது கட்டிங் மாஸ்டரின் திறன். அவ்வடுக்கின் வரைபடமே மார்க்கர். அமெரிக்காவில் ஜோசப் கெர்பர் 1960களின் இறுதியில் உருவாக்கிய தானியங்கி வெட்டு எந்திரமும், 1973இல் பிரான்சில் தொடங்கிய லெக்ட்ரா நிறுவனமும் இப்பணியைக் கணினிக்கு நகர்த்தின. இந்தியாவில் 1984 நவம்பரின் கணினிக் கொள்கை இறக்குமதியை ஓரளவு எளிதாக்கியது. 1997இல் இந்தியா சேர்ந்த தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் 2005க்குள் பெரும்பாலான கணினிப் பொருள்களின் சுங்கத் தீர்வையை நீக்கியது. 1999 ஏப்ரலில் மைய அரசு தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம், நெசவு, பின்னல், தையல் எந்திரக் கடன்களுக்கு வட்டியில் 5 விழுக்காட்டைத் திருப்பி அளித்தது.

மார்க்கரில் கிடைக்கும் சிறு ஆதாயமும் பெரிது. ஒரு டி-ஷர்ட்டுக்கு 200 கிராம் துணி எனக் கொண்டால், ஒரு லட்சம் டி-ஷர்ட்டுக்கு 20,000 கிலோ. துணிப் பயன்பாடு 82 விழுக்காட்டிலிருந்து 83 ஆக உயர்ந்தால் ஏறத்தாழ 241 கிலோ துணி மிஞ்சும். ஆனால் ஒழுங்கற்ற வடிவங்களை மிகச் சிறந்த முறையில் அடுக்குவது, வடிவங்களின் எண்ணிக்கை கூடக் கூட வழிகள் கட்டுக்கடங்காமல் பெருகும் வகைக் கணக்கு. மிகச் சிறந்த விடையைத் தேடி முடிப்பதற்கில்லை. கொடுத்த நேரத்துக்குள் கிடைக்கும் நல்ல விடையோடு நிற்க வேண்டும். ஆகவே வேகமான செயலி என்பது இங்கே நேர மிச்சம் மட்டுமன்று. அதே பத்து நிமிடத்தில் மிகுதியான அடுக்குகளைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பும் ஆகும். தேடலின் ஒவ்வொரு படியும் முந்தைய படியின் முடிவைச் சார்ந்து கிளைப்பதால், இதில் வரைகலை அட்டைக்குப் பெரிய பங்கில்லை.

ஒரு காலப் பொருத்தத்தை இங்குக் குறிப்பிடலாம். 2004 மே மாதத்தில் இன்டெல் நிறுவனம் டேஜஸ் என்ற தன் அடுத்த ஒற்றை உட்கருச் செயலியைக் கைவிட்டு, இரட்டை உட்கருக்களை நோக்கித் திரும்பியது. கடிகார வேகத்தைக் கூட்டினால் வெப்பம் தாங்க இயலாத அளவை எட்டியதே காரணம். அதே ஆண்டு டிசம்பர் 31இல் உலக ஆடை வணிகத்தின் ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தது. ஒதுக்கீடு நீங்கிச் சீனத்துடனும் வங்கதேசத்துடனும் நேரடிப் போட்டி தொடங்கிய வேளையில், புதிய கணினி வாங்கினால் பழைய மென்பொருள் தானே விரைவாகும் என்ற நிலையும் முடிந்திருந்தது. வேலையைப் பல உட்கருக்களுக்குப் பிரித்துத் தரும் வகையில் மென்பொருளை மாற்றி எழுத வேண்டியிருந்தது.

கட்டிங் மாஸ்டரும் பவர் டேபிளும்

செயலிக்கும் வரைகலைச் செயலிக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டைத் திருப்பூரின் தொழில் அமைப்பைக் கொண்டே விளக்கலாம். செயலியின் உட்கரு கட்டிங் மாஸ்டர் போன்றது. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் எந்த வேலையையும் சூழலுக்கேற்ப முடிவெடுத்துச் செய்யும். வரைகலைச் செயலி பவர் டேபிள் வரிசை போன்றது. ஆயிரக்கணக்கான சிறு அலகுகள் ஒரே தையலை ஒரே நேரத்தில் வெவ்வேறு துண்டுகளின் மீது இடுகின்றன. 1999இல் வந்த ஜீஃபோர்ஸ் 256, 2001இல் நிரலெழுத இடமளித்த ஜீஃபோர்ஸ் 3, வரைகலைச் செயலியைப் பொதுக் கணக்குகளுக்கும் திறந்துவிட்டு 2006இல் அறிவிக்கப்பட்ட என்விடியாவின் கூடா ஆகியவை அவ்வரிசை நீண்ட படிகள்.

வரிசை நீண்டால் மட்டும் போதாது என்பதை 1967இல் ஜீன் அம்தால் கணக்காகச் சொன்னார். ஒரு வேலையில் நான்கில் ஒரு பங்கைப் பிரிக்க இயலாதெனில், எத்தனை அலகுகளைச் சேர்த்தாலும் வேகம் நான்கு மடங்கைத் தாண்டாது. திருப்பூர் இதனை வேறு வழியில் அறிந்திருக்கிறது. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவையடுத்துச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, தையல் அலகுகளின் எண்ணிக்கை குறையவில்லை. சாயமேற்றிய துணிதான் வரவில்லை.

கண்ணிகளின் கணக்கு

மூன்றாவது பணியான முப்பரிமாண மாதிரியில்தான் வரைகலை அட்டை முதன்மை பெறுகிறது. துணி மடிந்து தொங்குவதைக் கணினியில் நிலையாகக் கணக்கிடும் வழியை டேவிட் பாராஃப், ஆண்ட்ரூ விட்கின் ஆகியோர் 1998இல் வெளியிட்டனர். துணியை முக்கோண வலையாகக் கொள்வது அதன் அடிப்படை. இன்றைய ஆடை மென்பொருள்களும் பெரும்பாலும் இவ்வலையையே பயன்படுத்துகின்றன. ஆனால் பின்னல் துணியின் இழுவை நூலின் நீட்சியால் மட்டும் வருவதன்று. கண்ணிகள் வடிவம் மாறி ஒன்றன்மீது ஒன்று நழுவுவதால் வருவது. 2008இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் கால்டர், டக் ஜேம்ஸ், ஸ்டீவ் மார்ஷ்னர் ஆகியோர் பின்னல் துணியை நூல் நூலாகக் கணக்கிட்டுக் காட்டியபோது இவ்வேறுபாடு தெளிவாயிற்று.

அவ்வழியைத் திருப்பூர்த் துணிக்குப் பொருத்திப் பார்ப்பது பயனுள்ளது. 30 அங்குல விட்டமும் 28 கேஜும் கொண்ட வட்டப் பின்னல் எந்திரத்தில் 2,640 ஊசிகள். ஒரு சுற்றுக்கு 2,640 கண்ணிகள். சென்டிமீட்டருக்கு 20 சுற்று எனக் கொண்டால், குழாய்த் துணியின் ஒரு மீட்டரில் 52 லட்சத்து 80 ஆயிரம் கண்ணிகள். விரித்த நிலையில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 30 லட்சம். இதே பரப்பை 20 மில்லிமீட்டர் இடைவெளி வலையாகக் கொண்டால் 2,500 புள்ளிகளே. 5 மில்லிமீட்டராகக் குறைத்தால் 40,000. விற்பனைக்கு வரும் மென்பொருள்கள் இந்த ஆயிரங்களில் இயங்குகின்றன. வரைகலை அட்டை விரைவாக்குவதும் இந்த ஆயிரங்களையே. கண்ணிகளின் லட்சங்கள் கணக்கிலேயே வருவதில்லை. அவற்றின் இடத்தில் துணியின் நீட்சி, வளைவு, எடை ஆகியவற்றுக்கு அளந்து இட்ட சில எண்கள் நிற்கின்றன.

ஆகவே இப்பணியில் அட்டையின் விலையைவிட அவ்வெண்களின் நம்பகத்தன்மை முன்னிற்கிறது. காம்பாக்டிங் செய்வதற்கு முன்னும் பின்னும் ஒரே துணியின் ஜிஎஸ்எம் மாறும். துவைத்தபின் சுருக்கமும் மாறும். சிங்கிள் ஜெர்சியின் ஓரம் சுருளும். இன்டர்லாக்கின் ஓரம் சுருளாது. துணியை அளக்காமல் மென்பொருளின் நூலகத்திலிருந்து 'காட்டன் ஜெர்சி' என்ற பெயரைத் தெரிவுசெய்தால், எவ்வளவு உயர்ந்த அட்டையும் வேறொரு துணியையே அழகாக வரைந்து காட்டும். ஸ்பெக் கூட்டமைப்பின் வரைகலைச் சோதனையான வியூபெர்ஃப் 2020 பதிப்பில் எட்டுத் தொகுதிகள் உள்ளன. எந்திர வடிவமைப்பு, அசைவூட்டம், மருத்துவப் படம், நில அதிர்வாய்வுத் தரவு ஆகியவை அவற்றில் உண்டு. ஆடைக்கு ஒரு தொகுதியும் இல்லை.

வன்பொருளும் ஜாப் ஒர்க்கும்

பின்னல், சாயம், அச்சு, எம்ப்ராய்டரி, செக்கிங் என ஒவ்வொன்றும் தனித்தனி ஜாப் ஒர்க் ஆன ஊரில், கணக்கீடும் ஜாப் ஒர்க் ஆனதில் வியப்பில்லை. மார்க்கர் வரைந்து தாளில் அச்சிட்டுத் தரும் கேட் மையங்கள், ஸ்கிரீனுக்கு நிறம் பிரித்துத் தரும் கூடங்கள் ஆகியவை வழியாகவே சிறு அலகுகள் கணினியை அணுகின. வேகமான செயலி தேவைப்பட்டவர் ஒருவர். அதை வாங்கியவர் மற்றொருவர். காவ்தார்ன் கண்ட பிளவு இங்கும் தொடர்கிறது. இதில் சிறு அலகுக்கு ஒரு பாதுகாப்பும் இருந்தது. பத்து மையங்களுக்கிடையே ஒரு நல்ல கணினியின் முதலீடு பகிரப்பட்டது.

முப்பரிமாண மாதிரி இந்த ஏற்பாட்டைக் குலைக்கிறது. மார்க்கர், ஆர்டர் உறுதியான பின் வரையப்படுவது. அதன் செலவு ஆடையின் விலைக்குள் அடங்கும். மாதிரியோ ஆர்டருக்கு முன்பே கேட்கப்படுவது. பையர் கழுத்தை ஒரு சென்டிமீட்டர் இறக்கச் சொல்வார். நிறத்தை மாற்றச் சொல்வார். ஆர்டர் வராமலும் போகலாம். அதற்கான அட்டை, மென்பொருள் உரிமம், பயிற்சி பெற்றவரின் சம்பளம் ஆகிய மூன்றும் ஏற்றுமதியாளர் தலையிலேயே விழுகின்றன. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு தொடங்கி மாதிரிகளின் கூரியர் போக்குவரத்துத் தடைப்பட்டபோது, திரை மாதிரியின் தேவை உயர்ந்தது. அதே காலத்தில் சில்லுத் தட்டுப்பாடும் மெய்நிகர் நாணயச் சுரங்கமும் சேர்ந்து வரைகலை அட்டைகளின் விலையை உலகெங்கும் ஏற்றின. 2022 செப்டம்பரில் ஈதீரியம் தன் முறையை மாற்றி, அட்டைகளைக் கொண்டு சுரங்கமிடும் தேவையை நீக்கியது. பயன்படுத்திய அட்டைகள் சந்தைக்கு வந்தபோது, பஞ்சுத் துகள் பறக்கும் அறையில் அவற்றின் விசிறிகள் எவ்வளவு காலம் தாங்கும் என்ற கேள்வியும் உடன் வந்தது. வெப்பம் ஏறினால் அட்டை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிரூட்டிய ஆய்வகத்தில் பெற்ற எண் அதன்பின் பொருந்தாது.

எனவே ஒரு திருப்பூர் அலகு தன் பணத்தை எங்கே இடுவது என்பதற்கு ஒரே வரிசைப் பட்டியல் விடையாகாது. அச்சுப் பணிக்கு நினைவகம், மார்க்கருக்குச் செயலி, முப்பரிமாண மாதிரிக்கு வரைகலை அட்டையும் துணி அளவைக் கருவியும் என்று பணிக்குப் பணி விடை மாறும். இவற்றுள் துணி அளவையே மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. அது தனித்தனி அலகால் முடியக்கூடியதும் அன்று. ஒவ்வொரு பின்னல் வகைக்கும், ஒவ்வொரு நூல் எண்ணுக்கும், காம்பாக்டிங்குக்குப் பின் நீட்சியும் சுருக்கமும் அளந்து பொதுவில் வைக்கும் தரவுத்தொகுதி ஒன்று வேண்டும். அதன் செலவு ஓர் உயர்தர அட்டையின் விலையைவிட அதிகம். ஆனால் அட்டையைப் போல மூன்று ஆண்டுகளில் பழையதாகாது. அது இல்லாதவரை, திரையில் ஒப்புதல் பெற்ற டி-ஷர்ட்டும் உற்பத்திக்கு முன் ஒருமுறை தைத்து, துவைத்து, அளவு நாடாவால் அளக்கப்பட்டே பையருக்கு அனுப்பப்படுகிறது.