முத்தில்லாத முத்துநகர்

எழும்பூரிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் ரயிலுக்குப் பேரே முத்துநகர் எக்ஸ்பிரஸ். முத்துக்குளிப்போ 1961-ஓடு நின்றுபோச்சு. என் ஆபீஸ் நண்பர்கள் இந்த ஊரிலிருந்து கேட்பது மக்ரூன் மட்டும்தான். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. நானும் வேண்டாமென்று சொல்லமாட்டேன்.

ஊருக்கே வந்துவிடுகிறவர்களை மட்டும் கொற்கைக்கு இழுத்துக்கொண்டு போவேன். பாண்டியரின் அந்தத் துறைமுகத்தில் இன்று கடல் இல்லை. தாமிரபரணி கொட்டிய வண்டலில் கரை பல கிலோமீட்டர் கிழக்கே தள்ளிப் போய்விட்டது. சுற்றிலும் வயல், வாழை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய பெரிபுளுஸ் இந்த ஊரைச் சொல்கிறது. இங்கே முத்தெடுக்க இறக்கப்பட்டவர்கள் தண்டனைக் கைதிகளாம்! ரோமாபுரிச் சீமாட்டிகள் காதில் தொங்கவிட்டது யாரோ ஒரு கைதி அடக்கிய மூச்சைத்தான்.

1530களில் பரதவர்கள் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைத் தேடி ஞானஸ்நானம் பெற்றார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள், பிறகு ஆங்கிலேயர். முத்தில் பங்கு கேட்டவர்கள்தான் மாறினார்கள். முங்கியது இந்தக் கரை ஆட்களே.

இன்றும் திரேஸ்புரத்திலிருந்து சங்குகுளிக்கப் போகிறார்கள். வாயில் கம்ப்ரஸர் காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு முங்குகிறவர்களும் உண்டு. அவர்கள் எடுக்கும் சங்கு வங்காளத்துக்குப் போய் மணப்பெண் கையில் வளையலாகிறது.